கிரிம் கதைகளில் எது ஒரிஜினல், ஏழு வயதுக் குழந்தைக்குச் சொல்லலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். அவருடைய மகளுக்கு ஏழு வயது. தூங்க வைக்கும்போது சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் கதைகளைச் சொல்வாராம். போன வாரம் யூட்யூபில் "நீங்கள் அறியாத உண்மையான கிரிம் கதைகள்" என்கிற மாதிரி ஒரு வீடியோ கண்ணில் பட்டிருக்கிறது. காலை வெட்டுவது, கண்ணைக் கொத்துவது, பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பு என்று ஒரே ரத்தம். இவை பெரியவர்களுக்காக எழுதப்பட்ட கதைகளா, எதுதான் ஒரிஜினல், குழந்தைக்குச் சொல்லலாமா கூடாதா என்று கேட்கிறார்.

சொல்லலாம். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, எதைத் தள்ளி வைக்கலாம் என்று கடைசியில் பெயர் சொல்லியே எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்த வீடியோவில் எது சரி, எது அரைகுறை என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த "உண்மையான கொடூரக் கதை" வியாபாரம் எனக்கு ரொம்ப நாளாகவே எரிச்சல். ஜெர்மன் மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. கிரிம் புத்தகத்தின் முதல் பதிப்பையும் கடைசிப் பதிப்பையும் அருகருகே வைத்து வரிக்கு வரி பார்த்த பைத்தியமும் எனக்கு உண்டு.

வீடியோவில் வந்த சம்பவங்கள் எல்லாம் கதைகளில் இருப்பவைதான், அதில் பொய் இல்லை. "முதலில் கொடூரமாக இருந்தது, அப்புறம் குழந்தைகளுக்காக மென்மையாக்கிவிட்டார்கள்" என்கிறார்களே, அந்த வரிசைதான் தப்பு. சிண்ட்ரெல்லாவின் அக்காமார் கண்களைப் புறாக்கள் கொத்தும் இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1812-இல் வந்த முதல் பதிப்பில் அது கிடையாது. குழந்தைகளுக்குத் தகாத சொற்களையெல்லாம் கவனமாக நீக்கிவிட்டோம் என்று முன்னுரையில் சொல்லிக்கொண்டு 1819-இல் வந்ததே இரண்டாம் பதிப்பு, அதில்தான் அந்தக் கொத்தல் சேர்ந்தது. குழந்தைப் புத்தகமாக ஆக்கும்போதுதான் கண் போயிற்று!

இது ஏன் என்று புரிய, புத்தகம் வளர்ந்த கதை கொஞ்சம் தெரிய வேண்டும். யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் இருவரும் ஒரு வயது இடைவெளியுள்ள அண்ணன் தம்பி, ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதிக்காரர்கள். யாக்கோப்புக்குப் பதினொரு வயதில் அப்பா இறந்துபோனார். வீட்டில் காசு கிடையாது. மார்பர்க்கில் சட்டம் படித்தார்கள், மனசு பழைய இலக்கியத்தில் ஒட்டிக்கொண்டது. காசல் நகரத்தில் அப்போது நெப்போலியனின் தம்பி ஜெரோம் ராஜாவாக உட்கார்ந்திருந்தார். அவருடைய நூலகத்தில் யாக்கோப்புக்கு வேலை. ஊரையே பிரெஞ்சுக்காரன் ஆள்கிறான், நம் மொழியில் நம் ஜனங்கள் வாயில் என்ன மிச்சமிருக்கிறது பார்ப்போம் என்கிற தவிப்பு அந்தத் தலைமுறை முழுவதற்கும் இருந்தது. நண்பர்கள் பிரெண்டானோவும் ஆர்னிமும் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். கதைகளும் வேண்டும் என்று பிரெண்டானோ கேட்டதால் 1810-இல் கையெழுத்துப் பிரதி ஒன்றைச் சகோதரர்கள் அவருக்கு அனுப்பினார்கள். அந்த மனிதர் அதைத் திருப்பித் தரவே இல்லை. நல்ல வேளையாகத் தங்களுக்கு ஒரு நகல் எடுத்து வைத்திருந்தார்கள். பிரெண்டானோவிடம் போன பிரதி பிற்காலத்தில் அல்சேஸ் பகுதியில் ஏலன்பெர்க் என்ற மடத்தில் கிடைத்தது. அதைப் பார்த்தால் கதைகள் எவ்வளவு மொட்டையாக, சில சமயம் பாதி வரிகளாகக் குறித்து வைக்கப்பட்டிருந்தன என்று தெரியும்.

1812 டிசம்பரில் முதல் தொகுதி, 86 கதைகள். 1815-இல் இரண்டாம் தொகுதி, 70 கதைகள். அதற்கப்புறம் 1857 வரை மொத்தம் ஏழு பதிப்புகள், கடைசியில் 200 கதைகளும் பத்து சமயக் கதைகளும். நாற்பத்தைந்து வருடம் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருந்தார்கள், பெரும்பாலும் வில்ஹெல்ம்தான். ஆக, "கிரிம் ஒரிஜினல்" என்று யாராவது சொன்னால் எந்த வருடத்துப் பதிப்பு என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தவை அநேகமாக 1857 பதிப்பின் கதைகள்.

சகோதரர்கள் ஊர் ஊராக நடந்து, குடிசை வாசலில் உட்கார்ந்து, கிழவிகளிடம் கேட்டு எழுதினார்கள் என்று ஒரு சித்திரம் உண்டு இல்லையா, பாடப்புத்தகங்களில்கூடப் பார்த்திருப்பீர்கள். அதுவும் முக்கால்வாசி கற்பனை. அவர்கள் பெரும்பாலும் காசலில் தங்கள் வீட்டிலேயேதான் இருந்தார்கள், கதைகள்தான் வீடு தேடி வந்தன. சொன்னவர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியான வீட்டு இளம்பெண்கள். பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்த வில்ட் குடும்பத்துப் பெண்கள் நிறையச் சொன்னார்கள். அவர்களில் டோர்ட்சன் என்ற பெண்ணை வில்ஹெல்ம் 1825-இல் கல்யாணமே செய்துகொண்டார். இன்னொரு குடும்பம் ஹாஸ்ஸன்ஃப்ளூக். பிரான்சிலிருந்து மத நெருக்கடியில் ஓடிவந்த புராட்டஸ்டன்ட் வம்சத்துத் தொடர்புள்ளவர்கள், பிரெஞ்சுக் கதைகள் காதில் விழ வளர்ந்தவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. சிவப்புத் தொப்பிக் கதை, தூங்கும் அழகி போன்ற பெயர்பெற்ற கதைகளுக்குப் பக்கத்தில் சகோதரர்கள் தங்கள் சொந்தப் பிரதியில் "மரீ" என்று குறித்திருந்தார்கள். வில்ஹெல்மின் மகன் ஹெர்மன், அது வில்ட் வீட்டில் வேலை பார்த்த "கிழவி மரீ" என்று பின்னாளில் எழுதிவைத்தார். எழுபது எண்பது வருடம் உலகமே அதை நம்பியது. நாட்டுப்புறக் கிழவி, அடுப்படி, கம்பளி நூற்பது என்று படம் வரைந்தார்கள். 1975-இல் ஹைன்ஸ் ரோலெக்கே என்ற ஆய்வாளர் நாட்களையும் குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அந்த மரீ கிழவியே இல்லை, ஹாஸ்ஸன்ஃப்ளூக் வீட்டு இளம்பெண் மரீ என்று நிறுவினார். சுத்த ஜெர்மானியக் கதை என்று கொண்டாடப்பட்ட பல கதைகள் பிரெஞ்சுப் பேச்சு புழங்கிய வீட்டுக் கூடத்திலிருந்து வந்தவை என்று ஆனது.

சகோதரர்களுக்கே இது கொஞ்சம் உறுத்தியிருக்கிறது. பூட்ஸ் போட்ட பூனையும் நீலத்தாடிக்காரனும் முதல் பதிப்பில் இருந்தன, அப்பட்டமான பிரெஞ்சுச் சரக்கு என்று இரண்டாம் பதிப்பில் தூக்கிவிட்டார்கள். தூங்கும் அழகியை மட்டும் விட மனசு வரவில்லை. பழைய காவியத்தில் நெருப்பு வளையத்துக்குள் தூங்கும் புரூன்ஹில்டின் சொந்தக்காரி இவள் என்று காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்கள்.

நிஜமாகவே அந்தச் சித்திரத்துக்குப் பொருந்திய ஒரே ஆள் டோரோதியா ஃபீமன். சத்திரக்காரர் மகள், தையல்காரர் மனைவி, காசலுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். காய்கறி விற்கச் சந்தைக்கு வருபவர் அப்படியே இவர்கள் வீட்டுக்கும் வந்து, காபி குடித்துவிட்டுக் கதை சொல்வார். எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகச் சொல்வார், திரும்பக் கேட்டால் சொல் மாறாமல் சொல்வார் என்று சகோதரர்கள் முன்னுரையில் மெச்சியிருக்கிறார்கள். தம்பி லூட்விக் எமில் வரைந்த அவருடைய படம் இரண்டாம் பதிப்பில் அச்சானது. அவர் வம்சத்திலும் பிரெஞ்சு ரத்தம் உண்டு என்பது தனிச் சிரிப்பு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரியவர்களுக்கா, குழந்தைகளுக்கா? புத்தகத்தின் பெயரே "குழந்தைகளுக்கும் வீட்டுக்குமான கதைகள்". ஆனால் முதல் பதிப்பைக் கையில் எடுத்த எந்தக் குழந்தையும் கீழே வைத்திருக்கும். படமே கிடையாது, பின்னால் பக்கம் பக்கமாக ஆய்வுக் குறிப்புகள். 900 பிரதிகள் அச்சடித்தார்கள், விற்பனை மந்தம். இது குழந்தைகளுக்கு ஏற்றதாக இல்லையே என்று ஆர்னிம் கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டபோது யாக்கோப் மழுப்பவில்லை. இந்தப் புத்தகத்தைக் குழந்தைகளுக்காக எழுதவே இல்லை, ஆனாலும் அவர்களுக்குப் பிடிக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான் என்று 1813 ஜனவரியில் பதில் எழுதினார்.

ஆர்னிம் குறிப்பாக ஒரு கதையைப் பற்றிப் புலம்பினார். குழந்தைகள் கசாப்புக்கடை விளையாட்டு விளையாடுகிறார்கள், ஒருவன் கசாப்புக்காரன், ஒருவன் பன்றி, மீதியை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். தந்தைக்கும் தாய்க்கும் பதற்றம் வராதா என்ன? வில்ஹெல்ம் சொன்ன சமாதானம்: என் அம்மா எனக்குச் சின்ன வயதில் சொன்ன கதை இது, கேட்டதால்தான் விளையாட்டில் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். அப்படி வாதாடியவர்களே 1819 பதிப்பில் அந்தக் கதையைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள். அந்த வீடியோக்காரர்கள் எப்படியும் இந்தக் கதையைத்தான் அடுத்து எடுப்பார்கள், எதற்கும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பம் வந்தது லண்டனிலிருந்து. 1823-இல் எட்கர் டெய்லர் என்ற வக்கீல் கதைகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் போட்டார், ஜார்ஜ் குரூக்ஷாங்கின் குறும்புப் படங்களோடு. அது சக்கைப்போடு போட்டது. அதைப் பார்த்துத்தான் சகோதரர்களுக்கு உறைத்தது: சின்னதாக, மலிவாக, படத்தோடு போட்டால் ஜனங்கள் வாங்குகிறார்கள். 1825-இல் ஐம்பது கதைகளோடு "சிறு பதிப்பு" வந்தது, படங்கள் அதே தம்பி லூட்விக் எமில். கிரிம் கதைகளைக் குழந்தைகளிடம் கொண்டுசேர்த்தது இந்தச் சின்னப் புத்தகம்தான், பெரிய புத்தகம் அல்ல.

சரி, திருத்தித் திருத்தி என்னதான் மாற்றினார்கள்? ஆண் பெண் சமாச்சாரம் எங்கெல்லாம் தலைகாட்டியதோ அங்கெல்லாம் கத்திரி விழுந்தது. கிழவி ஒருத்தி கோபுரத்தில் அடைத்துவைத்த பெண்ணின் கதை ரப்பன்ஸெல், கூந்தலைக் கீழே விட்டுத்தான் வருபவர்களை அவள் மேலே தூக்குவாள். அதில் இளவரசன் கோபுரத்துக்கு வந்து போவதை முதல் பதிப்பில் கிழவி எப்படிக் கண்டுபிடிக்கிறாள் தெரியுமா? பெண் வெகுளியாகக் கேட்கிறாள், என் உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது, ஒன்றும் பத்த மாட்டேன் என்கிறதே என்று. பெரியவர்களுக்குப் புரிந்துவிடும். இரண்டாம் பதிப்பிலிருந்து கேள்வி மாறிவிட்டது: உங்களைத் தூக்கினால் இளவரசரைவிடக் கனமாக இருக்கிறீர்களே, ஏன்? இதனால் அந்தப் பெண் கொஞ்சம் மக்காகத் தெரிகிறாள் என்பது என் அபிப்பிராயம். கதைக் கடைசியில் பாலைவெளியில் அவள் இரட்டைக் குழந்தைகளோடு அலைவது மட்டும் 1857 வரை அப்படியே இருக்கிறது. கேள்வியை எடுத்தவர்கள் பிள்ளைகளை எடுக்க மறந்துவிட்டார்கள்.

தவளை ராஜா கதையும் இப்படித்தான். இளவரசி தவளைக்கு முத்தம் கொடுத்தாள் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம், எந்தப் பதிப்பிலும் அவள் முத்தம் கொடுக்கவில்லை. கோபத்தில் தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். முதல் பதிப்பில் சுவரில் பட்ட தவளை கட்டிலில் விழுந்து அழகான வாலிபனாகக் கிடக்கிறது, அவளும் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். பிந்தைய பதிப்பில் அப்பாவின் சம்மதத்தோடு அவன் புருஷனாகிறான், அதற்கு அப்புறம்தான் தூக்கம்.

அடியும் வெட்டும் நெருப்பும் இவர்களுக்கு உறுத்தவே இல்லை. தண்டனை பலமாக இருந்தால் நீதி பலமாகத் தெரியும் என்கிற அந்தக் காலத்துப் பார்வை. ஸ்னோ ஒயிட் கல்யாணத்தில் ராணி சிவக்கக் காய்ந்த இரும்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு சாகும்வரை ஆடுவது முதல் பதிப்பிலிருந்து கடைசிவரை உண்டு, குழந்தைகளுக்கான சிறு பதிப்பிலும் உண்டு. இன்னொன்று, கண்ணாடி முதன்முதலாக "உன்னைவிட அவள் அழகு" என்று சொல்லும்போது ஸ்னோ ஒயிட்டுக்கு என்ன வயது என்று நினைக்கிறீர்கள்? ஏழு. உங்கள் மகள் வயதுதான். இளவரசன் முத்தம் கொடுத்து எழுப்புவதும் கிரிமில் இல்லை, அது 1937 டிஸ்னி படத்துச் சங்கதி. 1812-இல் அவள் கிடந்த கண்ணாடிப் பெட்டியை எங்கே போனாலும் கூடவே சுமக்கச் சொல்கிறானே என்று வேலைக்காரன் ஒருவன் கடுப்பாகி அவள் முதுகில் ஒன்று வைக்கிறான், தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. எனக்கு எல்லா முடிவுகளிலும் பிடித்தது இதுதான்.

இன்னொரு மாற்றம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. 1812-இல் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். பனியைப் போல வெளுப்பாக ஒரு பிள்ளை வேண்டும் என்று ஏங்கிப் பெற்றவளே, பிள்ளை தன்னைவிட அழகாக வளர்ந்ததும் அதன் நுரையீரலையும் ஈரலையும் கேட்கிறாள். 1819-இல் பெற்றவளைப் பிரசவத்தோடு சாகடித்து, மாற்றாந்தாய் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். ஹான்சல் கிரெட்டல் கதையில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்பவளும் முதலில் அம்மாதான், 1840 பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். தாய் என்ற உருவத்தில் கறை படக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். அதற்கு விலையாக உலகம் முழுக்க இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்ட பெண்கள் தலையில் பழி விழுந்தது.

இதில் எனக்குச் சொந்த நஷ்டமும் உண்டு. என் அக்கா மகளுக்கு ஐந்து வயதில் முதல் தடவை ஸ்னோ ஒயிட் கதை சொன்னேன். வாய்க்கு வந்தபடி "அவளோட சித்தி ரொம்பக் கெட்டவ" என்று ஆரம்பித்துவிட்டேன். தமிழில் அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. நான் அவளுக்குச் சித்தி! குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள். "நீயா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு நான் வெட்டிக் கொடுத்த ஆப்பிளைத் தொடவே இல்லை. மறுநாள் "மாற்றாந்தாய்" என்று சொல்லிப் பார்த்தேன், அது அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் "புது ராணி" என்று வைத்துக்கொண்டோம். நீங்களும் சொல்லும்போது இதில் கவனமாக இருங்கள், முக்கியமாக வீட்டில் நல்ல சித்தி யாராவது இருந்தால்.

"ஒரிஜினல் எது" என்ற கேள்விக்குச் சிவப்புத் தொப்பிக் கதையை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். நமக்குத் தெரிந்தது, வேட்டைக்காரர் வந்து ஓநாய் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுத்து, உள்ளே கல்லைப் போடும் கதை. அது கிரிம். அதற்கு நூறு வருடத்துக்கும் முன்னால், 1697-இல் பிரான்சில் சார்ல் பெர்ரோ அச்சிட்ட கதையில் வேட்டைக்காரர் கிடையாது. ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பேத்தியைத் தின்கிறது, கதை முடிந்தது. கீழே பாட்டாக ஒரு புத்திமதி: அழகான இளம்பெண்களே, இனிக்க இனிக்கப் பேசும் ஓநாய்களிடம் ஜாக்கிரதை. படித்த பெரிய மனிதர்கள் கூடத்தில் ரசிக்க எழுதியது அது. அந்தச் சிவப்புத் தொப்பியே பெர்ரோ போட்டதுதான்.

இனி இன்னொரு பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்ளப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. அதில் தொப்பியும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. கட்டிலில் படுத்திருப்பது பாட்டி இல்லை என்று புரிந்ததும் அந்தப் பெண், "பாட்டி, அவசரமா வெளியே போகணும்" என்கிறாள். "இங்கேயே போ" என்கிறது அது. அவள் விடுவதாக இல்லை. சரியென்று காலில் கயிறு கட்டி வெளியே விடுகிறது. தோட்டத்தில் பிளம் மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு ஓடியே போய்விடுகிறாள். அச்சில் பார்த்தால் இது பெர்ரோவுக்கு அப்புறம் வந்தது, கதையின் நாட்டுப்புற வாடையைப் பார்த்தால் முந்தையது என்று பல அறிஞர்கள் நினைக்கிறார்கள். இப்போது எதை ஒரிஜினல் என்பீர்கள்? எந்தக் குழந்தைக்கும் நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். மூத்திரம் என்ற சொல் வந்ததுமே சிரிப்பு தாங்காது, அப்புறம் ஓநாய் எதற்குப் பயம்?

சிண்ட்ரெல்லாவுக்கும் இதே கதிதான். தேவதைப் பாட்டி, பூசணிக்காய் வண்டி, கண்ணாடிச் செருப்பு எல்லாம் டிஸ்னி சர்க்கரை பூசியது என்று அந்த வீடியோவில் சொல்லியிருப்பார்கள். இல்லை, அவை 1697 பெர்ரோ. கிரிமுக்கும் முந்தையவை. கிரிமில் தேவதை கிடையாது, செத்துப்போன அம்மாவின் சமாதியில் அவள் நட்டு, அழுது அழுது கண்ணீராலேயே வளர்த்த மரத்தில் வெள்ளைப் பறவை ஒன்று வந்து உட்கார்ந்து உடுப்பைப் போடுகிறது. செருப்பு தங்கம். சீனாவில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே துவான் செங்ஷி என்பவர் எழுதிவைத்த யே-சியன் கதையில் மாற்றாந்தாய், உதவி செய்யும் மீன், தொலைந்துபோன தங்கச் செருப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. இதில் எதைப் போய் உண்மைக் கதை என்பது? என்னைக் கேட்டால் அழகில் கிரிம்தான் ஜெயிக்கிறது, அந்தச் சமாதி மரத்துக்காகவே.

உளவியல்காரர்கள் இதில் ஒரு பாட்டம் ஆடி ஓய்ந்துவிட்டார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1976-இல் எழுதிய புத்தகத்தில், இந்தப் பயங்கரங்கள் குழந்தைக்குத் தேவை, உள்ளுக்குள் இருக்கும் பயத்துக்கு அவை உருவம் கொடுக்கின்றன என்றார். அடிப்படையில் எனக்கு உடன்பாடு. ஆனால் அவர் வைத்துக்கொண்ட பிரதி வில்ஹெல்ம் திரும்பத் திரும்ப இழைத்த பிரதி. அதையே மனித குலத்தின் ஆதிக் கனவு மாதிரி வைத்துக்கொண்டு சிவப்புத் தொப்பிக்கு அர்த்தம் சொன்னால் எப்படி? ராபர்ட் டார்ன்டன் என்ற வரலாற்றாசிரியர் 1984-இல் இதைப் போட்டு உடைத்தார். குடியானவர்கள் சொன்ன கதையில் தொப்பியே இல்லையே, அதற்கு எதற்கு வியாக்கியானம் என்று.

பயத்தைப் பற்றி என் அனுபவம் வேறு. ரத்தம் குழந்தைகளை அவ்வளவாக அசைப்பதில்லை. கிரிமில் வலி வர்ணிக்கப்படுவதே இல்லை, சிண்ட்ரெல்லாவின் அக்கா கால்விரலை வெட்டினாள், செருப்பு சேர்ந்தது, குதிரையில் ஏறினாள், அவ்வளவுதான், சமையல் குறிப்பு மாதிரி ஓடும். குழந்தையை உலுக்குவது ஆண்டர்சன். அவரைக் கிரிமோடு சேர்த்துப் பேசுகிறார்கள், அவர் தொகுப்பாளரே அல்ல, டென்மார்க்கில் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து சொந்தமாகக் கதை எழுதியவர். 1837-இல் வந்த அவருடைய கடல்கன்னி, ஒவ்வொரு அடியும் கத்தியில் நடப்பதுபோல வலிக்க வலிக்க ஆடுகிறாள், இளவரசன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான், அவனைக் கொன்றால் பிழைக்கலாம் என்றும் கொல்ல மாட்டேன் என்று நுரையாகிப் போகிறாள். தீக்குச்சி விற்கும் சிறுமி வருடக் கடைசி ராத்திரியில் குளிரில் விறைத்துச் சாகிறாள். இந்தத் தீக்குச்சிக் கதையில் ஒரு சொட்டு ரத்தம் உண்டா? என் அக்கா மகள் இரும்புச் செருப்புக்குக் கைதட்டினாள், தீக்குச்சிக் கதைக்கு மூன்று நாள் முகம் வாடிக் கிடந்தாள். ஏழு வயதுக்கு ஆண்டர்சனில் அசிங்க வாத்துக் குஞ்சும் ராஜாவின் புது உடுப்பும் போதும்.

கிரிமில் கட்டாயம் தள்ளி வைக்க வேண்டியவை சில உண்டு. "முட்புதரில் யூதன்" என்ற கதையைச் சொல்லவே வேண்டாம், ஒரு யூதரை முள்ளில் ஆடவைத்துத் தூக்கில் போட்டுச் சிரிக்கும் கதை, சுத்த வெறுப்பு. அதையும் 1825 சிறு பதிப்பில் குழந்தைகளுக்கென்று தேர்ந்தெடுத்துப் போட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். "பிடிவாதக் குழந்தை" சில வரிகளே உள்ள கதை. செத்த குழந்தையின் கை மண்ணுக்கு வெளியே நீண்டுகொண்டே இருக்கிறது, அம்மா வந்து குச்சியால் அடித்ததும் உள்ளே போகிறது. தூங்கும் நேரத்துக்கு இது எதற்கு? "ஜூனிபர் மரம்" வேறு ரகம். ஓவியர் பிலிப் ஓட்டோ ரூங்கே வட ஜெர்மன் பேச்சுவழக்கில் எழுதி அனுப்பியது. மாற்றாந்தாய் பையனைக் கொன்று குழம்பு வைக்கிறாள், அப்பா தெரியாமல் சாப்பிடுகிறார், எலும்பிலிருந்து பறவை கிளம்பிப் பாடுகிறது. மொத்தத் தொகுப்பிலும் இதைவிட அழகான கதை இல்லை என்பேன், ஆனால் பத்துப் பன்னிரண்டு வயது ஆகட்டும்.

இப்போதைக்குத் தவளை ராஜா, ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும், தலையணையை உதறினால் பூமியில் பனி பெய்யும் ஹோலே அம்மா, இவற்றில் ஆரம்பியுங்கள். ஹான்சல் கிரெட்டலும் சொல்லலாம், கிழவியை அடுப்பில் தள்ளுவது அந்தப் பெண் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், அண்ணன் அப்போது கூண்டுக்குள் இருக்கிறான். சிண்ட்ரெல்லாவில் விரல் வெட்டுவதைச் சொல்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம், கண் கொத்தலை விட்டுவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது, 1812-இல் அவர்களே அப்படித்தானே அச்சடித்தார்கள். முதல் பதிப்பைப் பார்க்க ஆசை இருந்தால் ஜாக் ஸைப்ஸ் 2014-இல் அதை முழுசாக ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறார். அது உங்களுக்கு, மகளுக்கு அல்ல.

அப்புறம் பிரேமன் நகர இசைக்காரர்களை மறந்துவிடாதீர்கள். வேலைக்கு ஆகாது என்று எஜமான் தீர்த்துக்கட்ட நினைக்கும் கழுதை, நாய், பூனை, மறுநாள் குழம்பாகப் போகிற சேவல், நான்கும் ஓடிப்போய் பிரேமனில் பாட்டு வாசித்துப் பிழைக்கலாம் என்று கிளம்புகின்றன. சாவைவிட நல்லது எங்கேயும் கிடைக்கும், எங்களோடு வா என்று கழுதை சேவலைக் கூப்பிடும் வரிக்காகவே நான் இதை ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். வழியில் திருடர்களின் வீட்டைப் பார்த்து, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக் கத்தி அவர்களை விரட்டிவிட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. பிரேமனில் 1953-இல் ஒன்றன்மேல் ஒன்றாக நான்குக்கும் வெண்கலச் சிலை வைத்தார்கள், கழுதையின் முன்னங்காலைப் பிடித்து வேண்டிக்கொள்ள இன்றைக்கும் கூட்டம். கதையில் அவை அந்த ஊருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஏன் போகவில்லை என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். என் அக்கா மகளிடம் கேட்டேன். "வீடு கிடைச்சிடுச்சே சித்தி, சாப்பாடும் மேஜை மேலயே இருக்கு" என்றாள்.